எழுந்துவிட்ட மாடும் இறங்கிவிட்ட விலையும்

கால்நடை இன்சூரன்ஸ்காரி வாசலில் வந்து நின்றால் மாடு திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மாட்டுக்காரர்தான் கொல்லைப்பக்கமாக வெளியே போய்விடுகிறார்.

எங்கள் ஆபீஸ் மைசூர் அக்ரஹாரத்தில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, மாடியில் இருக்கிறது. மாடு, ஆடு, கோழி வளர்ப்பவர்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுப்பது, சந்தை விலையைத் தினமும் அவர்கள் போனுக்கு அனுப்புவது, எப்போது விற்றால் நல்லது என்று ஆலோசனை சொல்வது, இதெல்லாம் எங்கள் வேலை. என் பெயர் ஜெசிந்தா. பிறந்தது வளர்ந்தது எல்லாம் மைசூர். ஆபீஸில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொள்ளேகால், ஹனூர் பக்கத்துத் தமிழ் விவசாயிகள் அத்தனை பேரும் என் பொறுப்பு. என் தமிழைக் கேட்டு அவர்கள் சிரிப்பார்கள். பாதி கன்னடமாக இருக்கிறதாம். அவர்கள் தமிழைக் கேட்டு நான் முதல் ஆறு மாதம் முழித்தேன்.

பாலிசி விற்றவர்கள், சீட்டுக்கு ஆள் சேர்த்தவர்கள், வீடு வீடாகப் போய் நாளைய கஷ்டத்தை இன்றைக்கே ஞாபகப்படுத்திச் சம்பளம் வாங்குகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் சொல்வதில் எதுவும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. இருந்தாலும் கேளுங்கள். நமக்குள் பேசிக்கொள்ளாமல் வேறு யாரிடம் பேசுவது?

நல்ல மாடு, சுமார் மாடு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹனூருக்குப் பக்கத்தில் ருக்மணி என்ற பெண்மணி என்னைத் தானாகவே கூப்பிட்டு உட்காரவைத்துப் பாலிசி கேட்டார். இந்தத் தொழிலில் அது எவ்வளவு பெரிய அதிசயம் என்று உங்களுக்குத் தெரியும். அவரிடம் இரண்டு மாடுகள். ஒன்று வேளைக்கு எட்டு லிட்டர் கறக்கும் கலப்பின மாடு. இன்னொன்றுக்கு மடிநோய் வந்து இரண்டு காம்பு அடைத்துப் போய், எலும்பு தெரிய நின்றுகொண்டிருந்தது. அவர் பாலிசி கேட்டது இந்த இரண்டாவதுக்கு.

எங்களோடு வரும் கால்நடை டாக்டர் சிவண்ணா அந்த மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் அரை மணி நேரம் எடுத்துச் சொன்னேன். உங்கள் வீட்டுச் செலவு நடப்பது அந்த நல்ல மாட்டால். அது போனால்தான் உங்களுக்குக் கஷ்டம். அதனால் அதற்குத்தான் பாலிசி போட வேண்டும். ருக்மணி ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். கடைசியில் என்மேல் இரக்கப்பட்ட குரலில் சொன்னார்: "நல்லா இருக்கற மாட்டுக்கு எதுக்குங்க காசு கட்டோணும்? சாகப்போறதுக்குத்தானுங்க இன்சூரன்சு?"

முன்கூட்டியே ஒரு தகவல்

மாடு இறந்தால் இருபத்துநாலு மணி நேரத்துக்குள் எங்களுக்குத் தகவல் சொல்ல வேண்டும். இதைப் பாலிசி போடும்போதே நான் மூன்று தடவை சொல்லிவிடுவேன். ஹனூரைத் தாண்டி ஒரு ஊரில் மாதப்பன் என்ற விவசாயி இதை மனதில் நன்றாக வாங்கிக்கொண்டிருக்கிறார். ஒருநாள் காலை ஆறு மணிக்கு அவரிடமிருந்து போன். "மாடு போயிருச்சுங்க மேடம்." குரல் உடைந்திருந்தது. முந்தின நாள்தான் கன்று போட்ட மாடு. டாக்டர் சிவண்ணாவை எழுப்பி, பிரேதப் பரிசோதனைக்கான சாமான்களையும் படிவங்களையும் எடுத்துக்கொண்டு மைசூரிலிருந்து கிளம்பினோம்.

போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஊரே கூடியிருந்தது. மாதப்பனின் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாடு தரையில் படுத்து, கழுத்தை ஒரு பக்கமாக மடக்கி, கண் செருகிக் கிடந்தது. நான் படிவத்தை எடுத்துத் தேதி எழுத ஆரம்பித்தேன். டாக்டர் குனிந்து மாட்டின் காதைத் தொட்டார். கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் கன்னடத்தில், எழுதுவதை நிறுத்து என்று சொல்லிவிட்டு ஜீப்புக்கு ஓடினார். கன்று போட்ட மாட்டுக்கு உடம்பில் கால்சியம் இறங்கிப்போனால் இப்படித்தான் கிடக்குமாம். கழுத்து நரம்பில் ஊசி ஏற்றி மருந்துப் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்தார். பாதிப் பாட்டில் இறங்கியதும் மாட்டின் தோல் நடுங்கியது. ஒரு ஏப்பம் விட்டது. சாணி போட்டது. பிறகு பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்று, கன்று எங்கே என்று தலையைத் திருப்பித் தேடியது.

மாதப்பனின் மனைவி மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். கூட்டம் கைதட்டியது. மாதப்பன் மட்டும் என் கையில் இருந்த படிவத்தையே பார்த்தபடி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். செத்த மாடு என்று எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "நீங்க வந்து சேர மூணு மணி நேரம் ஆகுமுன்னு தெரியுமுங்க, அதனால கொஞ்சம் முன்னாலயே சொல்லி வச்சேனுங்க."

மூன்று நாள் பொறுக்கவும்

ஒரு சமயம் எங்கள் மேனேஜர் பிரசாத்துக்கு ஒரு யோசனை வந்தது. விலையை மட்டும் அனுப்பினால் போதாது, விற்கலாமா வேண்டாமா என்றும் சேர்த்து அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரு கோடு ஏறினால் "இன்று விற்கவும்". இறங்கினால் "மூன்று நாள் பொறுக்கவும்". அந்தச் செய்தியால் என்ன பலன் என்று நேரில் கேட்டு வரும் வேலை எனக்கு.

மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு மொத்த முட்டைக் கடைக்குப் போனேன். சந்து முழுக்க வண்டிகள். கடைக்குள் முட்டை அட்டைகள் கூரை வரை அடுக்கியிருந்தன. கொள்ளேகால் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் கந்தசாமி தன் வண்டியிலிருந்து சரக்கை இறக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு விலை மோசமாக விழுந்திருந்தது. வெயில் காலம் வேறு. என்னைப் பார்த்ததும் போனை எடுத்து, காலையில் நாங்கள் அனுப்பிய "மூன்று நாள் பொறுக்கவும்" என்ற செய்தியைத் திறந்து காட்டினார். எனக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மூன்று நாள் முட்டையைச் சேர்த்து வைக்க அவரிடம் இடமும் இல்லை, குளிர்ப்பெட்டியும் இல்லை. அதற்குள் இன்னும் மூன்று நாள் முட்டை வந்துவிடும். கோபப்படாமல், அட்டையை இறக்கிக்கொண்டே சொன்னார்: "இந்த மெசேஜ் எனக்கு வேண்டாமுங்க மேடம், கோழிகளுக்கு அனுப்புங்க, அதுக மூணு நாள் பொறுத்து முட்டை போடட்டும்."

ஆடா, குரியா?

இது என் தமிழால் வந்த வினை.

சின்னசாமி என்பவர் நாற்பது செம்மறி வைத்திருந்தார். பாலிசி போட நான்தான் போயிருந்தேன். எங்கள் படிவம் கன்னடத்தில் இருக்கும். "என்ன பிராணி?" என்று கேட்டேன். "ஆடுதானுங்க" என்றார். நானும் கன்னடத்தில் "ஆடு" என்று எழுதிவிட்டேன். இதில் என்ன தப்பு என்று தமிழ்நாட்டு வாசகர்கள் கேட்பீர்கள். கன்னடத்தில் ஆடு என்றால் வெள்ளாடு மட்டும்தான். செம்மறிக்கு அங்கே "குரி" என்று பெயர். எனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று சொல்லித்தான் இந்த வேலையையே வாங்கினேன்.

அந்த வருஷம் மழை பொய்த்து, மானாவாரிக் காட்டில் சோளம் முழங்கால் உயரத்தோடு வாடி நின்றது. வாடிய இளம் சோளத்தில் விஷம் இருக்கும். சின்னசாமியின் மந்தை வேலி தாண்டி அதில் நுழைந்துவிட்டது. அரை மணி நேரத்துக்குள் ஏழு செம்மறிகள் வயிறு உப்பி விழுந்தன. மந்தையின் வருமானத்தை நம்பித்தான் அவர் மகளை நர்சிங் படிக்க மைசூரில் சேர்த்திருந்தார். நான் ஓடிப் போய் எல்லாக் காகிதத்தையும் சரியாக எழுதி அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பெங்களூர் தலைமை ஆபீஸிலிருந்து திரும்பி வந்தது. பாலிசி வெள்ளாட்டுக்கு, போட்டோவில் செத்துக் கிடப்பது செம்மறி, ஆகவே பணம் தர இயலாது.

தப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். பாலிசி போடும்போது ஆட்டின் காதில் மாட்டிய வில்லைகளின் எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக் காட்டினேன். பாலிசி போட்ட அன்றைக்கே டாக்டர் சிவண்ணா தன் சான்றிதழில் செம்மறி என்று எழுதியிருந்தது என் அதிர்ஷ்டம். மூன்று தடவை பெங்களூருக்குப் போய்வந்த பிறகு, நாலாவது மாதம் பணம் வந்தது. மகள் படிப்பு நிற்கவில்லை. ஆனால் முதல் தடவை காகிதம் திரும்பி வந்த அன்று, விஷயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "ஆடா, குரியா என்று ஆபீஸில் ஒரு சின்னக் குழப்பம்" என்று நான் போனில் இழுத்தபோது அவர் சொன்னதை மறக்க முடியவில்லை: "செத்தது ஆடா குரியான்னு நீங்களே ஒரு முடிவுக்கு வந்து சொல்லுங்க, நான் அதுக்குத் தகுந்தாப்பல அழுதுக்கறேனுங்க."

கணக்கு வாத்தியாரின் ஆறு கிடாக்கள்

ஊருக்கு ஆலோசனை சொல்கிறவள் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் கணவர் சேவியர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பக்ரீத்துக்கு முந்தின வாரத்தில் கிடா விலை எப்படி ஏறுகிறது என்று நான் வீட்டில் வைத்து வரைந்த கோட்டைப் பார்த்துவிட்டு, நாலு மாதம் முன்பே ஆறு செம்மறிக் கிடாக்களை வாங்கினார். ஊருக்கு வெளியே தன் தம்பி வாங்கிப் போட்டிருந்த காலி மனையில் கொட்டகை போட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் ஸ்கூட்டரில் தழைக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எடை போடுதல். கிலோவுக்கு இவ்வளவு, ஆறு கிடாவுக்கு இவ்வளவு என்று ஒரு நோட்டுப் புத்தகமே நிரம்பியது. அந்த நோட்டில் ஸ்கூட்டருக்குப் போட்ட பெட்ரோல் மட்டும் எங்குமே இல்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்பு மண்டி மொஹல்லாவிலிருந்து ரஹ்மத் பாய் வந்தார். பர்னிச்சர் கடை வைத்திருப்பவர், எங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். குடும்பத்துக்கும் தம்பிகளுக்குமாக ஆறையும் சேர்த்து நியாயமான விலைக்குக் கேட்டார். சேவியர் மரியாதையாக மறுத்துவிட்டார். கோடு இன்னும் ஏறும் என்று என் படம் சொல்கிறதே! கடைசி நாள் மழை. அதோடு வடக்கே இருந்து லாரி லாரியாகக் கிடாக்கள் வந்து இறங்கிவிட்டன. விற்காமல் திரும்பிப் போக யாருக்கும் மனமில்லை. ஆளாளுக்கு விலையைக் குறைத்தார்கள். மாலைக்குள் சேவியரால் மூன்றைத்தான் தள்ள முடிந்தது, அதுவும் ரஹ்மத் பாய் கேட்டதற்கு வெகு கீழே. மீதி மூன்றும் கிறிஸ்துமஸ் வரை எங்களோடு இருந்தன.

பண்டிகையன்று ரஹ்மத் பாய் எங்கள் வீட்டுக்குக் கறி கொண்டுவந்து கொடுத்தார். சேவியர் நோட்டைக் காட்டித் தன் கணக்கு எங்கே தப்பியது என்று அவரிடமே கேட்டார். பாய் நோட்டை முழுவதும் புரட்டிப் பார்த்துவிட்டு மூடிவைத்துச் சொன்னார்: "உங்க கணக்கு சரிதான் வாத்தியாரே, என்ன, அதே கணக்கை ஊர்ல எல்லாரும் போட்டுட்டாங்க."

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றது

மாடுகளுக்கு அம்மை மாதிரி தோலெல்லாம் கட்டி கட்டியாக ஒரு நோய் பரவிய வருஷம் அது. எங்கள் போன் ஓயவில்லை. பழனியம்மாள் என்று ஹனூர்ப் பக்கம் ஒரு பெண்மணி. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். இவருக்கு ஒரே ஒரு மாடு. அதன் பால் ஊற்றித்தான் வீட்டையும் இரண்டு பிள்ளைகளையும் நடத்தினார். பாலிசி அந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமென்றால் நான் போய் மாட்டைக் காது வில்லையோடு போட்டோ எடுத்து, பணம் வாங்கி வர வேண்டும். வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். பணத்தை எடுத்து வைத்திருக்கிறேன் என்று அவரும் போன் செய்தார்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. ஆபீஸில் மீட்டிங் வேறு. இரண்டு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது என்று, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாடு இறந்துவிட்டது. வெள்ளிக்கிழமை அது நன்றாகத்தான் மேய்ந்துகொண்டிருந்ததாம். சனிக்கிழமை காய்ச்சல் வந்து தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டதாம். அவர் எனக்குப் போன் செய்யவில்லை. நான் திங்கட்கிழமை படிவமும் கையுமாகப் போய் இறங்கியபோது கட்டுத்தறியில் கயிறு மட்டும் கிடந்தது.

பிறகு நான் செய்யாதது இல்லை. தாமதம் எங்களுடையது என்று கடிதம் எழுதினேன், மேனேஜர் பிரசாத்தும் தன் பங்குக்கு எழுதினார், மேலே இருந்த அத்தனை பேரையும் பார்த்தோம். தேதி தேதிதான் என்று முடித்துவிட்டார்கள். பழனியம்மாள் பக்கத்து ஊரில் ஒருவரின் கிடேரியை ஆளுக்குப் பாதி என்ற பேச்சில் வாரத்துக்கு வாங்கி வளர்த்து, அது ஈன்று, பாதிப் பங்கு கையில் வருவதற்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதற்குப் பிறகு நான் எந்தப் புதுப்பித்தலையும் ஒருநாள்கூடத் தள்ளிப் போட்டதில்லை. அதனால் அவருக்கு என்ன பிரயோஜனம்? அந்தத் திங்கட்கிழமை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் பால் இல்லாததால் கடுங்காப்பி போட்டுக்கொண்டு வந்து கையில் கொடுத்தார். நான் குடிக்காமல் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கெழமை நீங்க வந்திருந்தாலும் மாடு செத்துத்தானுங்க இருக்கும், காப்பி ஆறுது, குடிங்க."

இரண்டு காலண்டர்

ஆட்டு விலை ஏன் ஏறுகிறது, ஏன் இறங்குகிறது என்று விவசாயிகளுக்கு ஒருநாள் பயிற்சி நடத்தச் சொன்னார்கள். ஹனூரில் ஒரு மண்டபத்தில் திரை கட்டி, கோடு கோடாகப் படம் காட்டினேன். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் என் படம் ஏறி இறங்கி ஏறி, எனக்கே புரியாமல் இருந்தது. முன்வரிசையில் இருந்த நாகராசு என்ற ஆட்டுக்காரர் எழுந்து, இது ரொம்பச் சுலபம் என்றார். கன்னடக் காலண்டரையும் தமிழ்க் காலண்டரையும் வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவைத்திருக்கிறாராம். மஹாளய அமாவாசைக்கு இந்தப் பக்கம் பல வீடுகளில் முன்னோருக்குக் கறி சமைத்துப் படைப்பார்கள், ஆட்டுக்கு அடிதடி. அதே நாளில் எல்லையில் ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், புரட்டாசி. யாரும் கறிக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஒரே வாரம், ஒரே ஆடு, இரண்டு விலை. மண்டபமே திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. நானும் குறிப்பு எடுத்தேன்.

அந்த வருஷம் நாகராசு சொன்னதைச் செய்தும் காட்டினார். மேட்டூர்ப் பக்கம் போய் முப்பது வெள்ளாடுகளை மலிவாக வாங்கி, ஒரு சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு, அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் கொள்ளேகால் சந்தைக்குக் கிளம்பினார். கையில் இருந்தது, மனைவியின் வளையலை அடகு வைத்து வாங்கியது, எல்லாம் அந்த லாரியில் இருந்தது. பாலாறு செக்போஸ்டில் நிறுத்தி, ஆடுகளுக்கு நோயில்லை என்ற சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். அப்படி ஒன்று வேண்டும் என்பதே அவருக்குத் தெரியாது. எனக்குப் போன் வந்தபோது மணி ஒன்பது. நான் டாக்டர் ஒருவரைக் கெஞ்சிப் பிடித்து அனுப்பிவைத்து, அவர் முப்பது ஆட்டையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவதற்குள் மதியம் இரண்டரை ஆகிவிட்டது. ஆடுகள் வெயிலில் தண்ணீர் இல்லாமல் நின்று சுருங்கிப் போயிருந்தன. இரண்டு ஆடுகள் செத்தும் விட்டன.

சந்தை கலைகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அப்போதும் ஆட்டுக்கு ஆள் இருந்தது என்பது அவர் கணிப்பு சரி என்பதற்குச் சாட்சி. வளையலை மீட்டுவிட்டார், லாபம் என்று சொல்லிக்கொள்ள லாரி வாடகை போக ஏதோ கொஞ்சம். அடுத்த தடவை சான்றிதழ், வழிப்பயண இன்சூரன்ஸ் எல்லாம் என்னிடமே வந்து கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கே தப்பு விட்டோம் என்று நினைக்கிறீர்கள் என்று அப்போது அவரைக் கேட்டேன். பாலிசியில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ரெண்டு காலண்டரும் நல்லாத்தானுங்க பாத்தேன், ரெண்டுலயும் செக்போஸ்ட்டு போடலைங்க."

நர்ஸம்மா சாப்பிட்டது

ஆரோக்கியராஜ் எங்கள் பங்குக் கோவிலைச் சேர்ந்தவர். வளைகுடாவில் பன்னிரண்டு வருஷம் டிரைவராக இருந்து சேர்த்த பணத்தில் மைசூருக்கு வெளியே கறிக்கோழிப் பண்ணை போட்டார். மனைவி பிலோமினா ஆஸ்பத்திரியில் நர்ஸ். கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு வளர்த்தால், குஞ்சும் தீவனமும் அவர்கள் தருவார்கள், விலை விழுந்தாலும் வளர்ப்புக் கூலி நிச்சயம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அந்த சமயம் சந்தை விலை நன்றாக இருந்தது. கூலிக்கு வளர்க்கவா நான் ஊர் திரும்பினேன் என்று சொந்தப் பணத்தில் இரண்டாயிரம் குஞ்சு விட்டார்.

கோழிகள் எடை கூடி விற்பனைக்குத் தயாரான வாரத்தில், கோழிக்கு ஏதோ நோய், சாப்பிட்டால் மனுஷனுக்கும் வரும் என்று போனுக்குப் போன் ஒரு வதந்தி பரவியது. எங்கள் பக்கத்தில் எந்தப் பண்ணையிலும் நோய் இல்லை. ஆனால் வியாபாரிகள் வண்டி அனுப்பவில்லை. விலையைக் குறைத்துக் கேட்டாலாவது பேரம் பேசலாம். கேட்கவே ஆள் இல்லை. இரண்டாயிரம் கோழிகளும் தினமும் மூட்டை மூட்டையாகத் தின்றுகொண்டிருந்தன. ஆரோக்கியராஜ் ஆபீஸுக்கு வந்து, பொறுக்கலாமா, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அன்றைக்கு என்னால் மதியச் சாப்பாடு சாப்பிட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது பூசை முடிந்து வெளியே வந்தோம். கோவிலுக்கு எதிர்ப்பக்கம் இருந்த தன் அண்ணன் வீட்டு வாசலில் ஆரோக்கியராஜ் பெரிய அண்டாவில் கோழிக் குழம்பு கொதிக்கவிட்டு, இட்லியோடு இலவசமாகக் கொடுப்பதாக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கூண்டு கூண்டாக உயிர்க் கோழிகள். வாசனை தெருக்கோடி வரை போயிற்று. ஒருவரும் கிட்டே போகவில்லை. எல்லோரும் சாலையின் இந்தப் பக்கமே நின்று, இரக்கமாக அவரைப் பார்த்தார்கள். நானும் கால் தயங்கித்தான் நின்றேன், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அப்போது இரவு டியூட்டி முடித்துவிட்டு, வெள்ளை யூனிபார்மோடு பிலோமினா ஆட்டோவில் வந்து இறங்கினார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சாலையோரம் இழுத்துப் போட்டு, தட்டில் நாலு இட்லி வைத்து, குழம்பை ஊற்றிச் சாப்பிட ஆரம்பித்தார். எலும்பைக் கடித்து, நிதானமாக, இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். சேவியர் வந்தார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மதியத்துக்குள் அண்டா காலி. கூண்டுகளும் பாதிக்கு மேல் காலி. அடுத்த பத்து நாளும் கணவனும் மனைவியும் தெருத் தெருவாக விற்றுத் தீர்த்தார்கள். தீவனத்துக்குப் போட்ட பணம் வந்துவிட்டது. குஞ்சு வாங்கிய பணம் வரவில்லை. அடுத்த தடவை ஆரோக்கியராஜ் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை முதன்முதலில் உயிர்க் கோழி வாங்கியவர், பக்கத்துத் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு ரயில்வேக்காரர். இரண்டு கோழிகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவரிடம், முதல் ஆளாக வாங்கித் தைரியம் கொடுத்ததற்கு நன்றி சொன்னேன். அவர் என்னை ஓரமாக அழைத்துக்கொண்டு போய்க் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தைரியமெல்லாம் ஒண்ணுமில்லேம்மா, நர்ஸம்மா சாப்பிட்டு முடிச்சு அரை மணி நேரம் நின்னு பார்த்தேன், அவங்களுக்கு ஒண்ணும் ஆகலை, அப்புறம்தான் பையை நீட்டினேன்."

ஆக, நம் தொழில் இவ்வளவுதான்: நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத ஒருத்தி, நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாத நாலு பேருக்கு, இன்றைய தேதி போட்டு ரசீது கிழித்துக் கொடுக்கிறாள்.